இன்ஜின் கோளாறு உள்ள பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் படிக்கவோ வேலைக்கோ வந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் இந்தக் காரிடம்தான். "அண்ணா, ஆயிரத்துச் சொச்சம் பவுண்டுக்கு ஒரு ஆர்எக்ஸ்-8 வந்திருக்கு, இன்ஜின்ல சின்ன பிரச்சினையாம், எடுக்கலாமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கார் மிகவும் பிடிக்கும். அதனால்தான், வாங்கி மூன்றே மாதத்தில் மனம் நொந்து யாரும் அதை ஸ்கிராப்புக்குத் தள்ளுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இவ்வளவு நல்ல கார் ஏன் இவ்வளவு மலிவு?

இன்ஜின்தான் காரணம். மற்ற எதுவும் இல்லை. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கும், பின்சக்கரம் இழுக்கும் வண்டி, நான்கு பேர் உட்காரலாம், பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும், வளைவில் திரும்பும்போது ஸ்டீயரிங் சொல்லும் சேதி இதைப்போல இரண்டு மடங்கு விலையுள்ள கார்களில்கூடக் கிடைக்காது. 2003இல் வந்தபோது இதன் ரெனிசிஸ் என்ற ரோட்டரி இன்ஜினுக்கு அந்த வருடத்தின் சிறந்த இன்ஜின் என்ற சர்வதேச விருதே கொடுத்தார்கள். அதே இன்ஜின்தான், கவனிக்காமல் விட்டால், ஒரு லட்சம் மைல் ஓடுவதற்குள்ளேயே பிரித்துக் கட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு நிறுவனமே இன்ஜின் உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டித்தது. அந்தக் காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்றைக்கு அந்தச் செலவு முழுக்க வாங்குபவர் தலையில்தான்.

ரோட்டரி இன்ஜினில் அப்படி என்ன கெட்டுப்போகிறது?

பிஸ்டன், வால்வு எதுவும் இதில் கிடையாது. நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள், பக்கங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று சுற்றுகிறது. ஆட்டுக்கல்லில் குழவி நட்டநடுவில் நில்லாமல் ஓரத்தைத் தடவிக்கொண்டே சுற்றுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதில் அப்படி இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308 சிசி. இவ்வளவு சின்ன இன்ஜினிலிருந்து டர்போ இல்லாமலே 231 குதிரைத்திறன் வருகிறது, 9000 ஆர்பிஎம் வரை ஏறுகிறது. கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது.

அந்த முக்கோணத்தின் மூன்று முனையிலும் ஆளுக்கொரு சீல், பக்கவாட்டில் வளைந்த சீல்கள், மூலையில் சின்னச் சின்ன சீல்கள் என்று இருக்கின்றன. பிஸ்டன் இன்ஜினில் ரிங் செய்யும் வேலையை இவைதான் செய்கின்றன. இவை தேய்ந்தாலோ, கரி படிந்து ஒட்டிக்கொண்டாலோ, உடைந்தாலோ அறைக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) நிற்காது. அழுத்தம் போனால் எல்லாம் போயிற்று. முனை சீல் தடவிப் போகும் கூட்டின் உள்சுவரில் ஒரு குரோமியப் பூச்சு உண்டு, அது உரிந்தாலும் இதே கதிதான்.

விற்பவர் "இக்னிஷன் காயில் மட்டும்தான் போயிருக்கு, சின்ன வேலை" என்கிறார். நம்பலாமா?

உண்மையாகவும் இருக்கலாம், ஏனென்றால் இந்தக் காரில் காயில் போவது சகஜம். பிளக்கில் தீப்பொறி வரவைப்பது இந்தக் காயில்தான். மொத்தம் நான்கு காயில், ரோட்டருக்கு இரண்டு பிளக். காயில் பலவீனமானால் இன்ஜின் மிஸ் அடிக்கும், பிக்கப் இருக்காது, இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியும்.

ஆனால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நான்கு காயில், பிளக், ஒயர் எல்லாம் சேர்த்தாலும் சில நூறு பவுண்டுக்குள் முடிகிற வேலை, வீட்டு வாசலிலேயே ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். அதைச் செய்தால் காரின் விலை ஆயிரம், இரண்டாயிரம் கூடும் என்றால் விற்பவர் ஏன் செய்யவில்லை? பெரும்பாலான நேரம் செய்து பார்த்திருப்பார், சரியாகியிருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. காயில் போன காரை மாதக்கணக்கில் ஓட்டினால் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்கிறது. வெளியேற வழியில்லாத சூடு இன்ஜினுக்கே திரும்புகிறது, சீல் வேகிறது. ஆக, "காயில் மட்டும்தான்" என்று ஆரம்பித்த கோளாறு, கண்டுகொள்ளாமல் விட்டதால் இன்ஜினைக் காவு வாங்கியிருக்கலாம். எத்தனை நாள் மிஸ் அடிக்க அடிக்க ஓட்டினார் என்று நேராகவே கேளுங்கள்.

சூடானபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்கிறார்கள், அது என்ன?

ஆர்எக்ஸ்-8 வாங்குகிற எவரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விஷயம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காலையில் குளிர்ந்திருக்கும்போது முதல் சாவியிலேயே பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஓட்டி, பெட்ரோல் பங்கில் நிறுத்தி, காசு கட்டிவிட்டு வந்து சாவி போட்டால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகிறது, தேய்ந்த சீலின் இடைவெளியை அடைக்க எதுவும் மிஞ்சுவதில்லை, அழுத்தம் கசிகிறது, அதனால்தான் இந்தக் கூத்து.

இதை மறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். வேகமாகச் சுற்றும் செல்ஃப் மோட்டாரை மாட்டினால், அழுத்தம் குறைந்த இன்ஜின்கூட இன்னும் சில மாதம் சூட்டில் ஸ்டார்ட் ஆகிவிடும். "புது செல்ஃப் மோட்டார் போட்டிருக்கேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். ஏன் போட வேண்டி வந்தது என்று கேளுங்கள்.

கம்ப்ரெஷன் டெஸ்ட் அவசியமா? பக்கத்தில் உள்ள மெக்கானிக்கே செய்துவிட மாட்டாரா?

அவசியம். அவரால் முடியாது. சாதாரண கம்ப்ரெஷன் கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு முகம் நன்றாக இருந்து ஒன்று செத்துப்போயிருந்தாலும் "எல்லாம் ஜோர்" என்றே காட்டும். ரோட்டரிக்கென்றே செய்த கருவி வேண்டும், அது முகத்துக்கு ஒன்றாக ரோட்டருக்கு மூன்று எண், மொத்தம் ஆறு எண் தரும். கூடவே செல்ஃப் எவ்வளவு வேகத்தில் சுற்றியது என்பதையும் குறிக்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகி இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும்.

நல்ல நிலைக்கு மாஸ்டா சொல்லும் கணக்கு, நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல். 680க்குக் கீழே போனால் இன்ஜின் தேறாது. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150க்கு மேலோ, இரண்டு ரோட்டர்களுக்குள் 100க்கு மேலோ வித்தியாசம் இருக்கக் கூடாது. சில கருவிகள் இந்த 830, 680ஐயே சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கில் 8.5, 6.9 என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான். 250ஐவிட வேகமாகச் சுற்றினால் எண் உயர்ந்து வரும் என்பதால், வேகத்தைச் சேர்த்துக் குறிக்காத ரிசல்ட் காகிதத்துக்கு மதிப்பு கொடுக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய காகிதமும் அப்படியே. 700க்குப் பக்கத்தில் எண் வந்தால் பாஸ்தானே என்று வாங்கிவிடாதீர்கள், அந்த இன்ஜினுக்கு நாள் குறித்தாயிற்று என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விற்பவர் டெஸ்டுக்கு மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். செலவை நானே தருகிறேன் என்று சொல்லியும் மறுக்கிறார் என்றால் அவருக்கு ரிசல்ட் ஏற்கெனவே தெரியும்.

கார் பார்க்கப் போகும்போது நானே என்னென்ன சோதிக்கலாம்?

முதலில் இன்ஜின் மூடியில் கை வையுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக இருந்தால் கேள்வி கேளுங்கள். நண்பர் ஒருவர் பார்க்கப் போன காரை, "உங்களுக்காக ரெடியா வச்சிருக்கேன்" என்று ஓடவிட்டே வைத்திருந்தார்கள், அவர் நிறுத்தச் சொன்னதும் ஏதேதோ சாக்கு சொன்னார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, இருபது நிமிடமாவது ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் அரட்டை அடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடிக்க வேண்டும். வாங்குபவர் செய்யக்கூடிய பரிசோதனைகளில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

அப்புறம், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். பெட்ரோல் போகாது, இன்ஜின் வெறுமனே சுற்றும். அந்தச் சத்தம் ஒரே தாளத்தில், சீராக வர வேண்டும். தாளம் தப்பி இடையில் ஒரு அடி விழுங்கின மாதிரி கேட்டால் ஏதோ ஒரு முகத்தில் சீல் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஓட்டும்போது மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டினாலோ, கீழேயிருந்து கலகலவென்று சத்தம் வந்தாலோ கன்வெர்ட்டர் அடைத்திருக்கும், இல்லை உடைந்திருக்கும். சிலர் அதைக் கழற்றியே எறிந்திருப்பார்கள். அப்படி இருந்தால் எம்ஓடி என்ற வருடாந்திரப் பரிசோதனையில் தேறாது.

கூலண்ட் அளவைப் பாருங்கள். ரோட்டரியில் தண்ணீர் சீல் போனாலும் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதுதான், வெள்ளைப் புகையும் குறைந்துகொண்டே போகும் கூலண்டும் அதற்கு அறிகுறி. டாஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள்ளை நம்பாதீர்கள், அது ரொம்ப நேரம் நடுவிலேயே நின்றிருந்து, காரியம் கெட்டபின்தான் ஏறும்.

இன்ஜினையே பார்த்துக்கொண்டு துருவைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு போடுகிறார்கள். பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழுள்ள சில், அடியில் சப்ஃபிரேம், இந்த மூன்றிடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். போவதற்கு முன்னால் வீட்டிலிருந்தபடியே பதிவு எண்ணைப் போட்டு எம்ஓடி வரலாறு முழுவதையும் அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். துரு பற்றிய எச்சரிக்கை வருடா வருடம் வந்திருக்கிறதா, மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறதா, நடுவில் இரண்டு மூன்று வருடம் கார் சும்மா நின்றிருக்கிறதா, எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

ஆயில் குடிக்கிறதாமே, அது கோளாறுதானே?

இல்லை. சீலுக்கு மசகு வேண்டும் என்பதற்காக இன்ஜினே அளந்து அளந்து ஆயிலை உள்ளே விடுகிறது, அது பெட்ரோலோடு எரிந்துபோகும். குடிக்கத்தான் வேண்டும். குடிக்காவிட்டால்தான் பயம், ஆயில் பம்ப் வேலை செய்யவில்லையோ என்று பார்க்க வேண்டும். விற்பவரிடம் "எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆயில் ஊற்றுவீர்கள்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "சர்வீஸ்லதான் மாத்துவாங்க, நடுவுல ஊத்துனதே இல்ல" என்று பதில் வந்தால் அந்த இன்ஜின் பட்டினி கிடந்திருக்கிறது.

இன்ஜினைப் பிரித்துக் கட்ட எவ்வளவு ஆகும்?

ஒழுங்காகச் செய்தால் சில ஆயிரம் பவுண்டு. இந்த வேலையைச் சாதாரண கராஜில் கொடுக்காதீர்கள், ரோட்டரி மட்டுமே செய்யும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களிடம்தான் போக வேண்டும். விலை கேட்கும்போது எதையெல்லாம் மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சீல் மட்டும் புதிதாகப் போட்டு, பூச்சு உரிந்த பழைய கூட்டையே திரும்ப மாட்டினால் விலை குறைவாகத் தெரியும், கொஞ்ச நாளில் பழைய கதை திரும்பும். கூடு புதியதா, பக்கத் தட்டுகளைச் சமப்படுத்தினார்களா, தண்ணீர் சீல் மாற்றினார்களா, முடிந்தபின் கம்ப்ரெஷன் எண் தருவார்களா, எத்தனை மாத உத்தரவாதம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேலை முடிந்து வந்தபின் முதல் ஆயிரம் மைல் வரை மெதுவாகப் பழக்க வேண்டியிருக்கும்.

"போன வருஷம்தான் ரீபில்ட் பண்ணினது" என்று வரும் விளம்பரங்களுக்கும் இதே கேள்விகள்தான். பில் இல்லாத ரீபில்டை ரீபில்ட் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்?

எப்போதும் இன்ஜின் செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள், விற்பவர் என்ன சொன்னாலும் சரி. ஒரு உதாரணம்: நல்ல கம்ப்ரெஷன் காகிதத்தோடு நன்றாக ஓடும் கார் 4,000 பவுண்டுக்குக் கிடைக்கிறது, கோளாறுள்ளது 1,300க்கு வருகிறது என்று வைப்போம். இன்ஜினுக்கு 4,000, காயில், பிளக், கன்வெர்ட்டருக்கு 600, லாரியில் ஏற்றிக்கொண்டு போக 150. மொத்தம் 6,050 ஆகிவிட்டது. கையில் இருப்பதோ சந்தையில் 4,000 போகும் ஒரு கார். புது இன்ஜின் என்பதால் ஐந்நூறோ ஆயிரமோ கூடும், அவ்வளவுதான்.

அதனால் கோளாறுள்ள காரை இலாபத்துக்காக வாங்க முடியாது. இரண்டு பேர் மட்டும் வாங்கலாம். தானே இன்ஜினைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவர், அல்லது துருப்பிடிக்காத, நல்ல உடம்புள்ள ஒரு காரைக் கண்டுபிடித்து, புது இன்ஜினோடு பத்து வருடம் தானே வைத்து ஓட்டப் போகிறவர். இரண்டாவது ஆள் என்றால் இன்ஜின் செலவுப் பணம் இன்றே வங்கியில் இருக்க வேண்டும். "இப்போ காரை எடுத்துப்போம், இன்ஜினை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றவர்களின் கார்கள்தான் வீட்டு முன்னால் பாசி பிடித்து நிற்கின்றன.

வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம்?

2006 மார்ச் 23ஆம் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றோ அதற்குப் பிறகோ பதிவான ஆர்எக்ஸ்-8க்கு சாலை வரி உச்சப் படியில், வருடம் 700 பவுண்டுக்கு மேல். அதற்கு முந்தையது என்றால் 400 சொச்சத்தில் முடியும். ஒரே காருக்கு ஒரு நாள் வித்தியாசத்தில் இவ்வளவு. இன்ஷூரன்ஸை வாங்கும் முன்னரே கேட்டுப் பாருங்கள், 25 வயதுக்குக் கீழே இருந்தால் காரின் விலையைவிடக் கூடுதலாகக்கூடக் கேட்பார்கள். லண்டனில் இருந்தால் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லாப் பகுதியிலும் மாசுக் கட்டணம் உண்டு, தகுதியில்லாத காருக்கு நாளைக்கு 12.50 பவுண்டு. பதிவு எண்ணைப் போட்டால் உங்கள் கார் தப்புமா என்று தெரிந்துவிடும்.

டீலரிடம் வாங்கினால் பாதுகாப்பா?

ஆமாம், நிறையவே. 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலர் விற்ற கார் கோளாறானது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் விற்கும்போது அது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது டீலர்தான். ஆனால் "இன்ஜின் கோளாறு உண்டு" என்று அவர் முதலிலேயே சொல்லி விற்றிருந்தால் அதே கோளாறைக் காட்டித் திருப்ப முடியாது. தனியாளிடம் வாங்கும்போது அவர் பொய் சொல்லாமல் இருந்தாலே போதும் என்பதுதான் சட்டம். அதனால் "சூட்டில் நன்றாக ஸ்டார்ட் ஆகுமா?" என்ற கேள்வியை மெசேஜில் கேட்டு, பதிலையும் மெசேஜிலேயே வாங்கி வையுங்கள். காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் சில பவுண்டு கட்டிப் பார்த்துவிடுங்கள்.

192 குதிரைத்திறன் மாடலா, 231ஆ?

192இல் ஐந்து கியர், 7500 ஆர்பிஎம்மோடு நின்றுவிடும். 231இல் ஆறு கியர். மெயின்டனன்ஸ் இரண்டிலும் ஒன்றுதான், ஆகவே எது நல்ல நிலையில் இருக்கிறதோ அது. 2008க்குப் பின் வந்த இரண்டாம் தொகுதியில் ரோட்டருக்கு மூன்று இடத்தில் ஆயில் விடும்படி மாற்றினார்கள், முன்னர் இரண்டு. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதைத் தேடுங்கள்.

தினமும் வேலைக்குப் போய்வர இது ஒன்றே போதுமா?

வேண்டாம். ஸ்டேஷன் வரை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் வாழ்க்கை இந்த இன்ஜினுக்கு விஷம். சூடாகும் முன் அணைத்தால் பிளக் பெட்ரோலில் நனைந்து மறுநாள் ஸ்டார்ட்டே ஆகாது. பெட்ரோலும் கேலனுக்கு இருபது மைல் சுற்றித்தான் கிடைக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்ய?

முதல் வாரத்திலேயே நான்கு காயில், நான்கு பிளக், ஒயர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், பழையது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஆயிலும் மாற்றுங்கள். பேட்டரி பலமாக இருக்கட்டும். அதன்பின் கம்ப்ரெஷன் எடுங்கள், இப்போது வரும் ஆறு எண்ணையும் தேதியோடு எழுதி வைத்து அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை ஆயில் குச்சியைப் பாருங்கள். வாசலில் இருந்து தெருவுக்கு நகர்த்துவதற்காக மட்டும் ஸ்டார்ட் செய்து உடனே அணைக்காதீர்கள், தள்ளியே நகர்த்துங்கள். நனைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துச் சில வினாடி செல்ஃப் அடித்து உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்றலாம். நன்றாகச் சூடான பிறகு ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறையாவது 231 என்றால் 8000க்கு மேல், 192 என்றால் அதன் உச்சத்துக்குப் பக்கத்தில் ஏற்றி ஓட்டுங்கள், கரி படியாமல் இருக்க அதுவே மருந்து. மிஸ் அடிக்க ஆரம்பித்தால் வீடு வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காமல், அங்கேயே ஓரம் கட்டி இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.